மாடியில் நடக்கிறவள்

காலையில் கொடியில் ஈரமாகக் கிடந்த படுக்கை விரிப்பு, சாயங்காலம் அவள் கண்விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தம்பியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தம்பிக்கு மடிக்க வராது, சுருட்டத்தான் வரும். இதுவோ நான்கு ஓரமும் உள்ளே போய், தையல் வெளியே தெரியாமல், மேலே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் திருப்பிவிட்ட மடிப்பு. அவள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து ஆட்கள்தான் இப்படி மடிப்பார்கள், அவசரத்தில் எடுத்தாலும் ஒரே உதறலில் விரியட்டும் என்று. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால்தான் அந்த மடிப்பு விழும். அவளுடைய வலது கை தோளைத் தாண்டி வருஷக்கணக்காகிவிட்டது.

ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி சரிவில் உருண்டு வந்து அவளைச் சுவரோடு வைத்து நசுக்கிய நாளில் தோள் போனது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் முக்கால்வாசி போனது. மாடியிலிருந்த அவள் அறையைப் பூட்டிவிட்டுத் தம்பி கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய் வருவதே அவளுக்கு ஊர்ப்பயணம். ஊனமுற்றோருக்கான உதவித்தொகை வருகிறவரைக்கும் இந்த வீடு, இந்தக் கட்டில், பஸ் ஓட்டிவிட்டு வந்து சோறு போடும் தம்பி. அது நின்றால் அவளை ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு அவன் தன் பாட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது மறுபரிசோதனை என்கிறார்கள். போன கால் திரும்பி வந்திருக்குமோ என்று உதவித்தொகை தரும் அலுவலகத்துக்கு ஒரு நப்பாசை. வியாழக்கிழமை மதியம் அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம்.

தகவல் வந்ததிலிருந்து அவள் ஜன்னல் திரையை விலக்குவதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாலே யாரோ பார்த்துவிட்டதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சை மெதுவாக இழு, பிடி, விடு என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். இழுத்தாள், பிடித்தாள், விடுவதற்கு மறந்துபோனாள். இப்போது இந்த மடிப்பை வேறு அதிகாரி பார்த்துவைத்தால் என்ன ஆவது? யாரோ வந்து மடித்தார்கள் என்று சொன்னால், புத்தியும் சரியில்லை என்று சேர்த்து எழுதிக்கொள்வார்கள். இடது கையால் விரிப்பைக் கலைத்துக் கசக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். தள்ளியபோது துணி இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் இஸ்திரிப்பெட்டி ஏறி இறங்கியதைப்போல.

மறுநாள் மாடியில் நடக்கும் சத்தம் கேட்டது. பூட்டிய அறைக்குள், குதிகால் முதலில் அழுந்தி, உடனே அடுத்தது விழுகிற அவசர நடை. கூடவே படிவழியாகப் பிளீச்சிங் பவுடரும் வெந்த பருத்தியும் கலந்த வாசனை இறங்கி வந்தது. சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ரயிலு வருது, தள்ளி நில்லு' என்பார்கள். அந்த நடைக்காகத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். தலைக்கு மேல் ரயில் சுவரிலிருந்து சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது, அவள் போர்வைக்குள் தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அழுகை வந்தது.

தம்பி வேலை முடிந்து வந்தவன் உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, மேல லைட்டு எரியுது."

"நீதான் போட்டிருப்ப."

"சாவி எங்கிட்டதான் இருக்கு. கதவு திறந்து கெடக்கு." அவன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "படியெல்லாம் ஈரக்கால் தடம். சின்னக் கால்."

"நான் எப்படிடா மேல போவேன்?"

அவன் கட்டிலருகே குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"எங்கிட்ட மட்டும் சொல்லுக்கா. அந்த ஆபீசர்கிட்ட நான் வாயத் திறக்க மாட்டேன். உன்னால முடியுதா?"

செவிட்டில் அறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு. "முடிஞ்சா, ஒவ்வொரு தடவயும் என்னைத் தூக்கிவிடுன்னு உங்கிட்ட மானங்கெட்டுக் கெஞ்சுவேனா?"

"அதான் எனக்கும் புரியல" என்றான் அவன். நம்பவில்லை. வாங்கி வந்த தோசைப் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான், அதற்குப் பின் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மதியமே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. திரை போட்ட அறையில் அவள் மாடியின் ஓசைகளைக் கேட்டபடி படுத்திருந்தாள். பீரோ திறக்கும் சத்தம். ஹேங்கர்கள் உரசும் சத்தம். சீப்பு சிக்கில் மாட்டி இழுபடும் சத்தம். பிறகு ஒரு பாட்டின் முணுமுணுப்பு, முன்பு வேலை முடிந்து கிளம்பும்போது அவள் முணுமுணுத்த அதே பாட்டு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேலே இருப்பவள் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

அதிகாரி வரும்போது அவளுக்கு முந்தி வாசலுக்குப் போய்விட வேண்டும். வாக்கருக்காகக் கையை நீட்டினாள். வாக்கர் இல்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். படியின் உச்சியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, கால்கள் மடக்கி, அழகாக.

கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாள். முழங்கையால் தன்னை இழுத்தாள். தரை குளிர்ந்தது. ஒரு சாண். இன்னொரு சாண்.

அழைப்புமணி அடித்தது.

மாடியில் நடை நின்றது. பிறகு இறங்கியது. படிகளில். சீக்கிரமாக.

கதவிடுக்கில் இரண்டு பாதங்கள் கடந்தன. அவளுடைய பாதங்கள். வீக்கமில்லாமல், தசை வற்றாமல்.

"வாங்க சார். மழையில நனைஞ்சிட்டீங்களே." அவளுடைய குரல்.

"பயனாளி யாரும்மா?"

"நான்தான்."

"சார்!" கீழே கிடந்தவள் கத்தினாள். "சார், நான் இங்க இருக்கேன்! சார்!"

"உள்ள யாரு?"

"டிவி சார். தம்பி ஆஃப் பண்ணாமப் போயிட்டான்."

அவர் சிரித்தார். நடக்கச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். குனியச் சொன்னார். "ரொம்ப சந்தோஷம்மா. இப்படி யாராவது குணமானாத்தான் எங்களுக்கும் நிம்மதி."

அவள் கத்திக்கொண்டே இருந்தாள். தொண்டை கிழிந்தது. வாசற்கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.

நடை திரும்பியது.

அறைக்கதவு திறந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இரண்டு கைகள் அவள் அக்குளில் நுழைந்தன, பலமான கைகள், ஈரமூட்டையைத் தூக்கிப் பழகியவை. வாய்க்குள் துணி திணிக்கப்பட்டது, இடது கையும் முதுகோடு கட்டப்பட்டது. உடம்பு தோளில் ஏறியது. படிகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின.

மாடி அறையின் தரையில் அவளைக் கிடத்திவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு அது இறங்கிப் போனது. அவள் நாக்கால் துணியைத் தள்ளினாள். வரவில்லை. மழை நின்றது. வெளிச்சம் போனது.

கீழே வாசற்கதவில் சாவி திரும்பும் சத்தம்.

"அக்கா..." தம்பியின் குரல் உடைந்தது. "அக்கா! நிக்கிறியா! நடக்குறியா!"

விபத்துக்குப் பிறகு அவன் அப்படி வாய்விட்டு அழுது அவள் கேட்டதில்லை. புரண்டு போய்க் கதவிடுக்கில் முகத்தை வைத்து அழுத்தினாள். கீழே கூடத்தில் அவன் முதுகு தெரிந்தது. கீழே நின்றவளைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது அவளுடைய வலது கை. அவன் தோளுக்கு மேலே அவளுடைய முகம், இமைக்காமல், மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.