நேர்கோட்டில் ஏறிய வெப்பம்

"தப்பு என் கணக்குலதான் இருக்கணும் சார். எந்த இடத்துலன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க."

துப்பறிவாளர் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தக் கணித நிபுணருக்கு அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. வற்றிய எண்ணெய்க் கிணற்றில் காற்றை ஏற்றினால், அடியிலிருக்கும் சூட்டில் ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்துவிடும். மிஞ்சிய வாயு எண்ணெயை அடுத்த கிணற்றுக்குத் தள்ளும். ஆக்சிஜன் துளியும் மிஞ்சாது என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் அவள். முப்பத்தோராம் நாள் ஆக்சிஜன் அடுத்த கிணறுவரை வந்து, அங்கிருந்த எரிவாயுவோடு சேர்ந்து வெடித்தது. இறந்த இருவரில் ஒருவன், கிணற்றில் வெப்பம் அளந்துவந்த அவளுடைய தம்பி.

பத்து நாள் கழித்துத் துப்பறிவாளரும் அவருடைய உதவியாளரும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளறையில் அம்மா படுத்திருந்தாள். துப்பறிவாளர் வெப்ப அளவுத் தாளை மேசையில் விரித்தார்.

"ஆறு ஆழத்துல அளந்திருக்கு. முதல் நாலும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு. கடைசி ரெண்டு மட்டும் நூல் பிடிச்ச மாதிரி ஏறுது. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். சுத்தமான அளவுன்னு சந்தோஷப்பட்டேன்."

உதவியாளருக்குப் பொறுக்கவில்லை. "கிணத்துல இறக்குற அளவுக் கம்பியை முழுசா அவிழ்த்துப் பார்த்தோம் மேடம். ஆயிரத்து நானூறு மீட்டர்தான். கிணறு ரெண்டாயிரம்."

"நீளக் கம்பி வேணும்னு உங்க தம்பி மூணு தடவை எழுதிக் கேட்டிருக்கான்" என்றார் துப்பறிவாளர். "யாரும் பதில் போடல. மிச்சத்தை அவனே ஊகிச்சு எழுதிட்டான். அடியில வருஷக்கணக்கா பச்சைத் தண்ணி ஏத்தியிருக்காங்க, அதுல சூடு இறங்கிப்போச்சு. பக்கத்துக் கிணத்துல அதே ஆழத்துல நேத்து அளந்தோம். தாள்ல நூத்தி நாலு டிகிரி, அங்க அறுபத்தொண்ணு."

அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தச் சூட்டில் ஆக்சிஜனில் பாதிகூடத் தீராது.

"என் கணக்கு தப்புன்னே எழுதிடுங்க சார்" என்றாள் மெதுவாக. "செத்தவன் மேல பழி வேண்டாம். அம்மா தாங்க மாட்டாங்க."

"எழுதலாம். ஆனா இதே தாளை நம்பி இன்னும் ரெண்டு கிணத்துல இப்பவும் காத்து ஏத்துறாங்க. உங்க கணக்கு தப்புன்னா, வேற ஆளை வெச்சு இதே எண்ணைத்தான் திரும்பப் போடுவாங்க. காலையில நிறுத்தச் சொன்னேன். கணக்குப் போட்டவங்க சொல்லட்டும்கிறாங்க."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"காத்தை உடனே நிறுத்துங்க. வெப்ப அளவு தப்பு." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "என் தம்பி எழுதினது. அளக்காமலே எழுதிட்டான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். உள்ளறை வாசலில் கதவைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள்.