உள்ளே போன ஆள்

ஹேமலதாவின் வீட்டுக்குள் தினமும் ஓர் ஆள் போகிறான் என்ற சங்கதி, தெரு முழுக்கத் தெரிந்த பிறகுதான் ஹேமலதாவுக்குத் தெரிந்தது.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ மறந்துபோய் அவளை நீக்காமல் விட்டிருந்தார்கள். எதிர்வீட்டு மேகலாவின் கேமரா எடுத்த வீடியோக்கள். விளக்கு வைக்கிற நேரம். வெள்ளைச் சட்டைக்காரன், முகம் தெளிவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, சொந்த வீட்டுக்குள் போகிறவனைப் போல நிதானமாக நுழைகிறான். ஒவ்வொரு சாயங்காலமும் நுழைகிறான். வெளியே வருகிற வீடியோ ஒன்றுகூட இல்லை.

ஜெயங்கொண்டத்தில் சங்கிலி அறுப்பு நடந்த சமயத்தில் மாட்டிய கேமரா அது. மாட்ட வந்தவருக்குக் காபி கொடுத்து, "நான் தனியா இருக்குறவ, எங்க வாசலும் தெரியுற மாதிரி திருப்பி வைங்கண்ணே" என்று கேட்டவளே ஹேமலதாதான். கணவன் பரணிதரன் குவைத்தில் இருந்தான்.

குழுவில் சும்மா இருப்பார்களா? டெய்லர் என்றார் ஒருவர். முந்திரி வியாபாரி என்றார் இன்னொருவர். "அண்ணன் தம்பியா இருக்கப்போவுது, பாவம்" என்ற மலர்க்கொடியை யாரும் சீண்டவில்லை. ரிட்டயர் ஆன வேணுகோபால் சார் மட்டும், ஆதாரமில்லாமல் ஒரு பெண்ணைப் பேசுவது தவறு, ஆகவே முழு வீடியோவையும் போடவும் என்று நியாயம் பேசியிருந்தார்.

அவன் யார் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவன் எங்கே என்று கேட்க ஹேமலதாவை விட்டால் ஆளில்லை. அவள் கண்ணில் இதுவரை யாரும் பட்டதில்லை. உள்ளே போனவன் வெளியே வரவில்லையென்றால்...

பயத்தில், என்ன செய்கிறோமென்று யோசிக்காமல் ஓடிப்போய் வாசல் கம்பிக்கதவை உள்பக்கமாகப் பூட்டினாள். மேகலாவுக்குப் போன் போட்டாள்.

"ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஆமான்னா சொல்லிடப் போற?"

"சத்தியமா தெரியாதுக்கா. பயமா இருக்கு. ஒரு தடவ வூட்ட வந்து பாருங்க."

"எனக்கு எதுக்குடியம்மா ஊர் வம்பு? அடுப்புல கொழம்பு கெடக்கு."

ஊர் வம்பைக் குவைத் வரைக்கும் அனுப்பிவைத்தவள் சொன்ன பதில் இது. அடுத்த நிமிஷமே பரணிதரனின் வீடியோ கால் வந்தது.

"ரூம் ரூமா காட்டு."

"நான் வெளிய போயிடறேங்க. உள்ள யாரோ..."

"வெளிய போனீன்னா அவங்கூடத்தான் போறன்னு அர்த்தம். காட்டு."

தாலி கட்டியவன் கண்ணும் தெருவின் கண்ணாகிவிட்டது. போனை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். மேற்குச் சன்னல் வழியாக மஞ்சள் வெயில் கூடத்தில் நீண்டு கிடந்தது, தூரத்தில் முந்திரித்தோடு எரிக்கிற புகை எப்போதும்போல மூக்கை உறுத்தியது, ஆனால் பின்னறைக்குப் பக்கத்தில் அந்தப் புகையையும் மீறி, வியர்வையில் நனைந்து கொடியில் காயாமலே கிடக்கும் ஆம்பளைச் சட்டையின் புளித்த வாடை அடித்தது.

கொடியில் சட்டை இல்லை.

கட்டிலுக்கு அடியில் காட்டினாள். பீரோவுக்குப் பின்னால் காட்டினாள். கதவுக்குப் பின்னால். யாருமில்லை. கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"பாத்தீங்களா? யாருமே இல்லங்க."

திரையில் பரணிதரன் முகம் இறுகியிருந்தது.

"பாத்துட்டேன்," என்றான். "நல்லா இருங்க, ரெண்டு பேரும்."

கால் கட்டாயிற்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள். கூடம். வாசல். கம்பிக்கதவு. பூட்டு. சாவி உள்ளே. சமையலறையில்.

எதிரே கேட்டருகே மேகலா நின்றிருந்தாள். நைட்டி, தோளில் துண்டு. தூக்கிப் பிடித்த போன். உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"அக்கா! அக்கா, வாங்கக்கா!"

மேகலா படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அவள் பார்வை ஹேமலதாவின் முகத்திலிருந்து விலகி, தோளைத் தாண்டி, கொஞ்சம் மேலே போய் நின்றது.

அன்னிய ஆம்பளை எதிரே வந்துவிட்டால் செய்வதுபோல, மேகலா அவசர அவசரமாகத் துண்டை இழுத்து மாரை மூடிக்கொண்டாள்.