காற்றுத்துளை

வெயில் அடித்தால் தகடு சத்தம் போடும், அதில் ஒன்றுமில்லை. காலி டீசல் டாங்கை வெளியே போட்டு வைத்தால் உள்காற்று சூடேறிப் பக்கத் தகடு உப்பும், நிழல் விழுந்தால் உள்ளே வாங்கும், அப்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். வெல்டிங் பிடித்தே தலை நரைத்த யோசுவாவுக்கு அது காக்கா கரைகிற மாதிரி. ஆனால் திருவனந்தபுரத்தில் சூரியனைக் கண்டு நாளாயிற்று. இடவப்பாதி மழை ஆரியசாலைப் பின்சந்தில் அவனுடைய தகரக் கொட்டகை மேல் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்துக் கிட்டங்கிகளின் வற்றல் மிளகாய் நெடி ஈரத்தில் ஊறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கிடந்தது, பட்டப்பகலிலேயே பல்பு எரிந்தது. அந்தக் குளிரிலும் டாங்க் ‘டப்’ என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டப்’.

“சவத்தெ விடு,” என்று முனகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தான். ராத்திரி முழுக்க மூச்சிழுப்பு. உடம்பை அடித்துப் போட்டாற்போல இருந்தது. சத்தத்தை ஆராய்கிற தெம்பு யாருக்கு இருக்கிறது?

வேலை இதுதான். விழிஞ்ஞத்தில் மீன் எடுத்து மங்களூருக்கு அனுப்புகிற நயினார் முதலாளியின் பிக்கப்புக்கு, பின்பெட்டியில், கேபினை ஒட்டினாற்போல இரண்டாவதாக ஒரு டீசல் டாங்க் வைக்கவேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹியில் டீசல் விலை குறைவு. போகிற வழியில் அங்கே ரெண்டையும் நிறைத்துக்கொண்டால் அப்புறம் கேரளத்துப் பம்பில் கால் வைக்கவே வேண்டாம். வடக்கே ஓடுகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்கிற சில்லறைக் கள்ளத்தனம்தான். டாங்கை முதலாளியே ஆக்ரிக்கடையில் பழைய இரும்போடு பார்த்து எடுத்து அனுப்பியிருந்தார். வண்டி இன்றைக்குச் சாயங்காலம் கிளம்பவேண்டும். ஓட்டப்போவது யோசுவாவின் தம்பி அனில்.

அம்மை போன பிறகு யோசுவா தூக்கி வளர்த்த பிள்ளை அவன். வேலை போய் வீட்டில் சுருண்டு கிடந்து, யார் முகத்திலும் விழிக்காமல், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோன தம்பியைப் பார்த்துப் பார்த்து யோசுவாவுக்கு நெஞ்சு அற்றுப்போயிருந்தது. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து வாங்கிய வேலை இது. “இன்னைக்கு வண்டி போகலேன்னா வேற டிரைவரப் பாத்துக்கிடுவேன், கேட்டியா,” என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார் அவர். ஆகவே டாங்க் சத்தம் போட்டால் என்ன, பாட்டே பாடினால் என்ன? வைத்து முறுக்கி அனுப்பியே தீரவேண்டும்.

மூடியைக் கம்பி சுற்றி இறுக்கியிருந்தார்கள். வெட்டித் திறந்து, குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டான். பழைய டாங்கில் தண்ணீர் நிறைக்காமல் தீ வைத்தால் மிச்சமிருக்கிற ஆவி வெடித்து ஆளையே கொண்டுபோய்விடும், அது இந்தத் தொழிலில் முதல் பாடம். தண்ணீர் வாய்வரைக்கும் வந்து நின்றது.

நின்றதா? குனிந்து பார்த்தான். தண்ணீர் ஒரு விரல் அளவுக்கு மெல்ல இறங்கியது. எங்கேயோ ஒழுகுகிறது என்று அடியில் கைவிட்டுத் தடவினான், ஈரம் இல்லை. நிமிர்ந்தபோது தண்ணீர் மறுபடியும் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் இறங்கியது. ஏறியது. ஒழுகுகிற தண்ணீர் திரும்பி ஏறாது என்பது யோசுவாவுக்குத் தெரியும். தெரிந்தும், கண் களைப்பு என்று சொல்லிக்கொண்டு முகமூடிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு டாங்குக்கு நாலு கால் வைத்து வெல்டிங் பிடித்தான். வேலையை முடித்து, டாங்கைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டியபோது அது வெதுவெதுப்பாக வந்தது, குழந்தையைக் குளிப்பாட்ட விளாவிய மாதிரி. நாலு இடத்தில் தீ வைத்தால் அத்தனை தண்ணீரும் சூடாகுமா? ஆகாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

டாங்கைத் தள்ளு நகர்த்து என்று பெட்டிக்குள் ஏற்றி, போல்ட் போட்டு, மூடியை முறுக்கினான். பாக்கி காற்றுத்துளை. காற்று நுழைய வழியில்லாத டாங்கிலிருந்து டீசல் இறங்காது, பாதி வழியில் எஞ்சின் விக்கி நின்றுபோகும். இந்த டாங்கில் துளை இருந்திருக்கிறது, யாரோ அடைத்திருக்கிறார்கள். அடைக்க ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் போதும். ஆனால் அங்கே இரும்பை உருக்கி மேலே மேலே ஊற்றி, முஷ்டி கனத்துக்குக் கட்டியாக்கியிருந்தார்கள். வெல்டிங் தெரியாத கை. பயந்த கை. எவனோ மடையன், என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் புதுத் துளைக்குக் குறி வைத்தான். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான்.

கரண்ட் போனது. எமர்ஜென்சி விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில், வண்டியின் நிழல் சுவரில் பெரிதாக விழ, கை டிரில்லைச் சுற்றினான். இரும்புத்தூள் உதிர்ந்தது. முனை உள்ளே இறங்கியது. டிரில்லை உருவினான்.

காற்று உள்ளே போயிற்று. நீளமாக. முழங்கை ரோமத்தை இழுத்துக்கொண்டு, நிறுத்தாமல். பிறகு நின்றது.

பிறகு வெளியே வந்தது. கையில் பட்டது. சூடு. டீசல் வாடை இல்லை. விடியக்காலம் தூங்கி எழுகிறவன் வாய் வாடை.

யோசுவா பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டான். இயேசப்பா, என்றான். அவனுக்குப் பயமாக இருந்தது, சின்னப் பிள்ளைக்குப் பயமாக இருக்கிற மாதிரியே. ‘டப்’ என்றது தகடு. இப்போது அது அவனுடைய இழுப்பின் தாளத்திலேயே அடித்தது. அவன் மூச்சை அடக்கினான். அதுவும் அடக்கியது.

“எந்தா அண்ணா, இருட்டுல தியானமா?” டீசல் கேனோடு நனைந்துகொண்டு வந்தான் அனில். புதுச் சட்டை, தலையை ஒதுக்கிச் சீவியிருந்தான். எவ்வளவு நாளுக்கப்புறம் அந்த முகத்தில் சிரிப்பு!

“லே, இந்த டாங்க் செரியில்ல.”

“ஒழுகுதா?”

“இல்ல.”

“பின்னே என்ன?”

என்னவென்று சொல்வது? மூச்சு விடுகிறது என்றா? நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு வேறொருத்தன் ஓட்டுவான். தம்பி மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுப்பான். யோசுவாவுக்கு அசதி தாங்கவில்லை. போகாதே என்று சொல்ல வாயைத் திறந்து, “சோறு தின்னியா?” என்று கேட்டான்.

“வழியில தின்னுவேன். அங்க ஐஸ் உருகுது, முதலாளி போன்ல விளி மேல விளி.” அனில் பெட்டியில் தாவி ஏறி, மூடியைத் திறந்து, ஓட்டம் பார்க்கக் கேனைக் கவிழ்த்தான். டீசல் உள்ளே விழுகிற சத்தமே கேட்கவில்லை.

இந்த டாங்குக்கு அடியில் வாய் கிடையாது. மேல்வழியாகக் குழாயை இறக்கி, ஒருதரம் வாய்வைத்து உறிஞ்சி, டீசல் வந்ததும் மறுமுனையை வண்டியின் சொந்தக் கீழ்டாங்கில் செருகவேண்டும். டிரைவர்கள் எல்லாரும் அப்படித்தான், உறிஞ்சித் துப்பிவிட்டு பீடியைப் பற்றவைப்பார்கள். யோசுவாவுக்கு இழுப்பு வந்த பிறகு, கூப்பிட்டால் ஓடிவந்து அனில்தான் உறிஞ்சிக் கொடுப்பான்.

அந்தப் பழக்கத்தில் அவன் குழாயை டாங்குக்குள் இறக்கிவிட்டு, கீழே குதித்து மறுமுனையை வாயில் வைத்தான்.

“வேண்டாம்லே!”

உறிஞ்சிவிட்டான்.

டீசல் வரவில்லை. அனிலின் கன்னம் குழிந்தது. இன்னும் குழிந்தது. கண் மட்டும் அண்ணனைப் பார்த்தது.

“துப்புலே. துப்பு!”

துப்பவில்லை. முடியவில்லை. உறிஞ்சுவது அவன் இல்லை.

புதுச் சட்டை நெஞ்சோடு ஒட்டியது. விலா எலும்பு தெரிந்தது. வண்டியில் தகடு மெல்ல, மெல்ல, வெளியே உப்பியது.

யோசுவா கத்தியை எடுத்துக் குழாயை அறுத்தான். டாங்க் பக்கத்து முனையைப் பெருவிரலால் அடைத்தான். டீசல் சிந்தாமலிருக்க எத்தனையோ தடவை அடைத்த விரல், தானே போய் அடைத்துக்கொண்டது.

அனிலின் வாயிலிருந்து குழாய்த்துண்டு விழுந்தது. அவன் விழவில்லை. நின்றான். உதடு ‘அண்ணா’ என்று அசைந்தது. சத்தம் இல்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

விரலுக்கடியில் ஏதோ முட்டியது. மெத்தென்று. சூடாக.

“அண்ணா,” என்றது குழாய். அனிலின் குரல். “வெரல எடுண்ணா. மூச்சு முட்டுது.”

எடுக்கப்போனான்.

“வெரல எடுண்ணா,” என்றது இன்னொன்று. அதுவும் அனிலின் குரல். சொல்லிப் பழகுகிறதுபோல, கொஞ்சம் பிந்தி. “மூச்சு முட்டுது.”

ரெண்டும் சேர்ந்து அழுதன. எது தம்பி? விரலை எடுத்தால் எது வெளியே வரும்? வியர்வையில் விரல் வழுக்கியது. வாயை அகலத் திறந்துகொண்டு, குழாயைப் பார்த்து ஓர் அடி எடுத்துவைத்தான் அனில்.