எட்டாவது தட்டு

பக்கத்து வீட்டுத் தபால்காரம்மா நரிகளை ஒருநாளும் மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. "வாடா மொட்டை, வாடி நொண்டி" என்று கத்திக்கொண்டே கரண்டியால் அலுமினியத் தட்டைத் தட்டுவாள். அந்தத் திங்கட்கிழமை மாலை, வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இந்த வீட்டுச் சமையலறை நாற்காலியில் சரிந்து கிடந்தவளின் காதில் வேறொரு சொல் விழுந்தது.

"வாங்க."

யாரோ விருந்தாளி என்று நினைத்துக்கொண்டாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பகல் முழுக்க ஈர விரிப்புகளைத் தூக்கிய தோள்கள் அதற்குமேல் எதையும் நினைக்க விடவில்லை. ஆனால் வெகுநேரமாகியும் பேச்சுச் சத்தம் எழாததால், பின்பக்க மதில் வழியே எட்டிப் பார்த்தாள். புதர்க்காட்டை ஒட்டிய முற்றத்தில் ஏழு தட்டுகள், ஏழு நரிகள். ஒன்றும் தின்னவில்லை. வாலைக் காலோடு சுருட்டி வரிசையாக உட்கார்ந்து, புதரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால், தனியாக, பூப்போட்ட பீங்கானில் எட்டாவது தட்டு.

நகராட்சிக்கு அவள் எழுதிய புகார்க் கடிதம் மூன்று வாரமாகக் கைப்பையிலேயே கசங்கிக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கின்றன, வாசலெல்லாம் அசிங்கம், கோழித்தலை நாற்றம். எல்லாம் உண்மை. ஆனால் பள்ளிவிட்டு வரும் ஆறு வயது மகளை, ஆறு மணிவரை பார்த்துக்கொள்வது அதே தபால்காரம்மாதான். கடிதத்தைக் கொடுத்துவிட்டால் குட்டியை எங்கே விடுவது? மகளின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லார் வாயிலும் அவள் குட்டிதான்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுத் துணி துவைக்கும் இடத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். உள்ளே, பழைய சட்டையில் சுருண்டு, ஒரு நரிக்குட்டி.

"ஏங்க்கா, பெரிசுங்க போதாதுன்னு குட்டி வேறயா?"

"கால்ல அடிபட்டுக் கெடந்துச்சும்மா. நாலு நாள்தான்."

"மொட்டையும் நாலு நாளுக்குத்தான் வந்தான்."

தபால்காரம்மா சிரிக்கவில்லை. அதுதான் விநோதமாக இருந்தது.

புதன்கிழமை நரிகள் வரவேயில்லை. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் "வாங்க" என்ற அந்தக் குரல் கேட்டது. பின், பீங்கானில் ஏதோ மெதுவாக உரசும் ஒலி. நாள்கணக்கில் பைக்குள் மூடிக் கிடந்த ஈரத்துணியைப் பிரித்தால் வருமே, அந்த வாடை ஜன்னல் வழியே வந்து திரைச்சீலையில் தங்கியது. நரி வாடை இல்லை.

"பெரியம்மா வீட்டுக்கு வர்றவங்க உக்காந்தாலே மதில் உசரம்மா" என்றாள் மகள், சாப்பிட்டபடியே. "கையே கழுவ மாட்டாங்க."

"நீ கழுவினியா?"

வியாழக்கிழமை தபால்காரம்மா மதிலருகே காத்து நின்றாள். கண்கள் குழி விழுந்திருந்தன.

"ஏம்மா, குட்டியக் கேக்குறாங்க."

"யாருக்கா?"

"வர்றவங்க. நீயா ஒரு வார்த்தை சொல்லாம எடுக்க மாட்டாங்களாம்."

மிருகங்களைப் பிடித்துப்போகும் ஆட்கள் ஒருவழியாக வந்துவிட்டார்கள் போல, யாரோ முந்திக்கொண்டு புகார் கொடுத்திருக்க வேண்டும். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

"இதுக்கெல்லாம் என்னை எதுக்குக்கா கேக்குறீங்க? தாராளமா தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. விட்டுது தொல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிக்க என்ன இருக்கு?"

தபால்காரம்மா மதில் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். மரணச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியவளின் முகம்.

"நான் சேதி கொண்டுபோறவ மட்டும்தாம்மா. எப்பவும் அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை அவள் வீடு திரும்பியபோது தட்டுச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. "குட்டி, போலாம் வா" என்றபடி உள்ளே போனாள். கூடத்தில் யாருமில்லை. துணி துவைக்கும் இடத்துக்கு வந்தாள். அட்டைப்பெட்டியிலிருந்து மெல்லிய முனகல். குனிந்தாள்.

நரிக்குட்டி அங்கேயே இருந்தது.

தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.

முற்றத்துக்கு ஓடினாள். படியில் தபால்காரம்மா, மடியில் பள்ளிப்பை. பக்கத்தில் ஜோடியாகக் கழற்றி வைத்த சின்ன ஷூ.

"குட்டி!"

பெட்டிக்குள் நரிக்குட்டி பதில் கொடுத்தது. தபால்காரம்மா தலை தூக்கவில்லை.

"குட்டீ!"

ஏழு நரிகளும் வந்திருந்தன. வரிசையாக. முதுகைக் காட்டி. பீங்கான் தட்டு துடைத்தாற்போல் காலி. ஈரத்துணி வாடை.

புதர் அசைந்தது. மகளின் குரல்தான். அம்மாவை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வாங்க."

புதருக்கு மேலே, மதிலைவிட உயரத்தில், இரண்டு பச்சைக் கண்கள். அவற்றுக்குச் சற்றுக் கீழே, இடுப்பில் தூக்கி வைத்த குழந்தையின் உயரத்தில், இன்னும் இரண்டு. அதே பச்சை.