எது மருந்து, எது மாவு?

"ஐயோ... டாக்டர்!"

நர்ஸின் அலறல் வார்டையே உலுக்கியது!

டாக்டர் ஓடி வந்தாள். மருந்து அலமாரி வாயைப் பிளந்து நின்றது. பூட்டு தரையில்... இரண்டு துண்டாக!

காலை மருந்து கொடுக்கும் முன்பே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"என்ன போச்சு?"

"எதுவும் போகல. ஆனா ரெண்டு நோயாளிங்களோட பாட்டில்ல யாரோ கை வச்சிருக்காங்க."

"உள்ள என்ன மாத்திரை?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"இங்க யாருக்குமே தெரியக்கூடாது சார். அதான் ரூல்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் எறிந்தார்.

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள்.

"உடம்போட எதிர்ப்புச் சக்தியே சொந்த ரத்தக் குழாயைத் தாக்குற வியாதி சார். கிட்னி போயிடும். வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. அதோட, கிட்னியக் காப்பாத்த ஒரு புது மாத்திரையும் கொடுத்துப் பாக்குறோம். பாதிப் பேருக்கு நிஜம். மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு தெரிஞ்சா சோதனையே கெட்டுடும். அதனால எனக்கே தெரியாது!"

"திருடனுக்கு?"

"அவனுக்கும்தான்!"

"வெளங்கிடும்!"

பூட்டை அறுத்தது பழகிய கை. நோயாளிகளின் வீட்டாட்களில் அப்படி ஒருவன்தான் இருந்தான். ஜன்னலோரப் படுக்கைக்காரியின் கணவன்... லிஃப்ட் மெக்கானிக்.

கேட்டதுமே உடைந்துபோனான்.

"நான்தான் சார்! என் பொண்டாட்டிக்குக் கால் வீக்கம் வடியவே இல்ல. பக்கத்துப் பெட் பொண்ணு மட்டும் தேறிட்டு வருது. அப்ப நிஜ மாத்திரை அதுக்குத்தானே? யாரக் கேட்டாலும் 'தெரியாது, தெரியாது'ன்னா நான் எந்தச் செவுத்துல முட்டிக்கிறது? விடியறதுக்குள்ள ரெண்டு பாட்டில் மாத்திரையையும் இடம் மாத்திட்டேன்!"

"அந்தப் பொண்ணும் ஒரு உயிர்தானேய்யா?" டாக்டர் சீறினாள். "இத்தனை வருஷப் பாடு... எல்லாம் பாழ்!"

இன்ஸ்பெக்டர் அவன் சட்டையைப் பிடித்தார்.

"அவர விட்டுடுங்க சார்..."

வாசலில் ஒரு பெண். பக்கத்துப் படுக்கைக்காரியின் அக்கா. கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து சாயங்காலம்... நானும் மாத்தினேன். அதே ரெண்டு பாட்டில்."

"என்னது!"

"நர்ஸ் சாவிய மேஜைமேல வச்சுட்டுப் போனாங்க. என் தங்கச்சிக்கு ஒரு தும்மல்கூட வரல. இவர் சம்சாரத்துக்குத்தான் குமட்டல், தலைசுத்தல் எல்லாம்! நிஜ மருந்துன்னாதானே ஆளப் படுத்தும்?"

டாக்டர் நர்ஸைப் பிடித்து உலுக்கினாள். "நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் மாத்திரை குடுத்தியா?"

"இல்ல டாக்டர்! காலையில மட்டும்தானே... இன்னைக்கு இன்னும் குடுக்கல!"

டாக்டர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள்.

"அக்கா மாத்தினாங்க... இவர் திரும்பவும் மாத்திட்டார். அவங்கவங்க மாத்திரை அவங்கவங்க பாட்டில்லயே இருக்கு! ஆனாலும் நம்பிக் குடுக்க முடியாது. புது பாட்டில் வரணும். இதையெல்லாம் மேலிடத்துக்கு நான் எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?"

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் புகுந்து திருடியும் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு... என் ஸ்டேஷன் போலீஸாலகூட இப்படிக் காவல் காக்க முடியாதும்மா!"