பதறாத கை

"வீழ்வெண் ஏழு. இறங்க அனுமதி இல்லை. பதற்றம் தணிந்தபின் மீண்டும் கை வைக்கவும்" என்றது ஏணி.

மயிலாத்தாள் மொட்டை மாடியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஐந்தாவது முறையாகக் கைத்தகட்டில் உள்ளங்கையை அழுத்தினாள். அவள் ஏசி மெக்கானிக். வந்த வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கோயம்புத்தூர் வெயில் நாற்பத்தாறு டிகிரி. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்து தலை சுற்றியது.

"வீழ்வெண் எட்டு."

"நாசமாப் போறவனே! நீ தொறந்தாத்தானடா தணியும்!" என்று கத்தினாள்.

ஏணியைத் திட்டி என்ன பிரயோஜனம்? திட்ட வேண்டியவர்கள் குளுகுளு அறையில் இருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் இதே பவளமல்லி வணிக வளாகத்தில் பெயின்டர் ஒருவர் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அப்போதிருந்த சாதாரண ஏணியின் பக்கக் கம்பிகள் மாடிச் சுவர் உயரத்தோடு நின்றுவிட்டிருந்தன. கடைசிப் படியில் நிற்பவர் காற்றைப் பிடித்துக்கொண்டுதான் மாடிக்குத் தாவ வேண்டியிருந்தது. அந்தக் கம்பிகளை மூன்றரை அடி மேலே நீட்டி வெல்டிங் வைத்திருந்தால் தீர்ந்தது, அரை நாள் வேலை. ஆனால் வெல்டிங்குக்குத் திறப்பு விழா நடத்த முடியாதே! அதனால் குழு போட்டார்கள், குழு வெளிநாடு போய்ச் சுற்றிப் பார்த்தது, கடைசியில் நாடியேணி வந்தது.

ஏழாவது மாடியிலிருந்து மொட்டை மாடிக்குப் போகும் இருபத்திரண்டு அடிச் சுவரில் படிகள் எல்லாம் உள்ளே மடிந்திருக்கும். கீழே ஒரு கைத்தகடு, மேலே ஒன்று. அது நாடித்துடிப்பையும் கை வியர்வையையும் பார்த்து, விழும் வாய்ப்பை ஒன்று முதல் பத்துவரை எண்ணாகச் சொல்லும். நான்குக்குள் இருந்தால் படிகள் வெளியே வரும். தாண்டினால் மடிந்துகொள்ளும். ஆள் நிற்கும்போதே மடிந்தால் என்ன ஆவது என்று யாரோ கேட்டார்களாம். நிற்கக் கூடாதவர் நின்றது அவருடைய தவறு என்று பதில் வந்ததாம். தகட்டில் வைத்த கையும் படியில் வைத்த காலும் ஒரே ஆளுடையவையா என்று பார்க்கிற புத்தி மட்டும் அதற்குக் கிடையாது. அது அடுத்த மாடலில் வருமாம்.

பிறகு சட்டமும் வந்தது. வணிகக் கட்டடங்களில் சாதாரண ஏணி வைத்திருந்தால் ஆறு மாதம் ஜெயில். ஊரில் இருந்த ஏணிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின.

மயிலாத்தாள் ஏழாவது மாடி லிப்ட் ஆபரேட்டர் நாச்சிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, கண்ணு இருட்டுது. யாராச்சும் சீக்கிரம் வாங்கண்ணா."

"அம்மிணி, இந்தா வந்துட்டன். நெழல்ல உக்காரு. அம்மிணி? ஏ மயிலா!"

போன் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

நாச்சிமுத்து ஓடிப்போய் ஏணியடியில் கை வைத்தார். ஒன்பது. நகைக்கடைப் பெண்கள் ஓடிவந்து வைத்தார்கள். எட்டு, பத்து, எட்டு. ஒருத்தி அழுதுகொண்டே வைத்தாள். அவளுக்கு ஏணி எண்ணே சொல்லவில்லை, மருத்துவரைப் பார்க்கச் சொன்னது. மேலே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த எவருடைய நாடிதான் அமைதியாக அடிக்கும்? தீயணைப்பு வண்டியோ அட்சய திருதியைக் கூட்டத்தில் சிக்கி, இரண்டு சிக்னலுக்கு அப்பால் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஏற்றப் பாதுகாப்பு மேலாளர் செந்தாமரைக்கண்ணன் மோர் டம்ளரோடு வந்து சேர்ந்தார். ஏணி வந்த நாளிலிருந்து அந்தப் பதவியில் இருக்கிறார், ஒரு நாளும் மொட்டை மாடியைப் பார்த்ததில்லை.

"ஏணிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"மயிலாத்தா மேல மயங்கிக் கெடக்கறாளுங்க சார்! ஏணி யாரையும் விடமாட்டேங்குது!"

"மெஷின் மேல பழி போடாதய்யா. இங்க பாரு" என்று டம்ளரை இடது கைக்கு மாற்றி, வலது கையைத் தகட்டில் வைத்தார்.

"வீழ்வெண் ஒன்று. வருக" என்றது ஏணி. படிகள் வரிசையாக வெளியே வந்தன.

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். ஓர் உயிர் ஊசலாடுகிற செய்தி அந்த மனிதரின் நாடியை ஒரு துடிப்புக்கூட அசைக்கவில்லை. சே, இப்படியும் ஒரு பிறவி!

"ஏறுங்க சார்" என்றார் நாச்சிமுத்து.

செந்தாமரைக்கண்ணன் நிமிர்ந்து இருபத்திரண்டு அடியைப் பார்த்தார். ஏறப்போவது தான் என்பது அப்போதுதான் உறைத்தது. டம்ளரில் மோர் தளும்பியது.

"வீழ்வெண் பத்து." படிகள் மடிந்தன.

நாச்சிமுத்துவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. மேலாளரின் மணிக்கட்டைப் பிடித்துத் தகட்டிலேயே அழுத்தினார். "சார், நீங்க ஏற வேண்டாமுங்க, நான் ஏறிக்கறன். நீங்க பாட்டுக்குக் கைய வெச்சுட்டு நில்லுங்க. மேல கெடக்கறது யாரோ. உங்களுக்கென்னுங்க வந்துச்சு? மோரக் குடிங்க."

செந்தாமரைக்கண்ணன் மோரைக் குடித்தார். பத்து, ஏழு, நான்கு, ஒன்று. நாச்சிமுத்து செருப்பை உதறிவிட்டு ஏறினார். கால் மணி நேரத்தில் மயிலாத்தாளை முதுகில் சேர்த்துக் கட்டி இறக்கிவிட்டார். அதுவரை அந்தக் கை ஆடவேயில்லை. நடுவில் கொட்டாவி வேறு விட்டார்.

நான்கு நாள் குளுக்கோஸ் ஏறி அவள் பிழைத்துக்கொண்டாள். நம் ஆட்கள் இதிலிருந்து கற்ற பாடம் என்ன? ஏணியைக் கழற்றினார்களா? கம்பி நீட்டிய சாதாரண ஏணியையாவது வைத்தார்களா? அரசாணை போட்டார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் ஏணியடியில் கை வைத்து நிற்க ஒரு நிலைக்கையர் வேண்டும். யாருக்கு என்ன ஆனாலும் பதறாதவராக இருப்பதே தகுதி. விண்ணப்பித்தவர்களுக்கு விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி நாடி பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள். நம் ஊரில் இதற்கா ஆள் பஞ்சம்! பவளமல்லி வளாகத்துக்கு செந்தாமரைக்கண்ணனே தலைமை நிலைக்கையர் ஆனார்.

அடுத்த மாதம் மயிலாத்தாள் வேலைக்குத் திரும்பினாள். வந்தவள் சும்மா வந்திருக்கலாம். ஒரு டப்பா நிறைய அதிரசம் சுட்டுக்கொண்டு வந்து, "அன்னைக்குக் கை வெச்சு என் உசுரக் காப்பாத்துனீங்க. ரொம்ப நன்றிங்க சார்" என்று கும்பிட்டாள். செந்தாமரைக்கண்ணனுக்கு வாழ்நாளில் யாரும் நன்றி சொன்னதில்லை. அவர் ஒரு அதிரசத்தைத் தின்றுவிட்டுத் தகட்டில் கை வைத்தார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினாள்.

பதினெட்டாவது அடியில் இருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, உடம்பு இப்ப தேவலையா?"

"பரவால்லீங்க சார்."

"வீழ்வெண் இரண்டு" என்றது ஏணி.

"வெயில் அதிகமா இருக்கேம்மா. பாத்து ஏறு. வீட்டுல கொழந்தைங்க இருக்கா?" அவர் குரல் இளகியிருந்தது. அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீழ்வெண் நான்கு. படிகள் மடியத் தயாராகின்றன."

காலடியில் படி நடுங்கியது. மயிலாத்தாள் இரண்டு கையாலும் மேல்படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீறிட்டாள்.

"ஐயோ சார்! அக்கறையெல்லாம் வேண்டாமுங்க! என்னையப் பாக்காதீங்க, போனப் பாருங்க! உங்க காலுல உழுகறன், போனப் பாருங்க சார்!"

செந்தாமரைக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். யாரோ அனுப்பிய நாய்க்குட்டி வீடியோ ஓடியது. இரண்டாவது வீடியோவில் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"வீழ்வெண் ஒன்று" என்றது ஏணி.

மயிலாத்தாள் ஏறினாள்.