வெந்நீர் ஊற்றில் ஒரு பொய்

பிணம் கவிழ்ந்து மிதந்தது.

வெந்நீர் ஊற்றில்! ஆவிக்கு நடுவே!

"யாருய்யா?" இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்தினார். கந்தக நாற்றம்.

"மின் நிலையத்து ஜியாலஜிஸ்ட் சார்," என்றார் ஏட்டு. "பூமிச்சூட்டுல கரண்ட் எடுக்கக் கிணறு தோண்டுறாங்களே... அங்க. அதோ, அவரோட அக்கா."

அக்கா அழவில்லை. ஊற்றை ஒட்டிய குளியல் கூடம் அவளுடையது. மூட்டுவலிக்காரர்கள் தரும் காசில்தான் தம்பியைப் படிக்க வைத்தாள்.

மின் நிலைய மேனேஜர் முன்னால் வந்தான்.

"காலைல ஏழு மணி சார். கால் வழுக்கித் தண்ணில விழுந்தார். என் கண்ணால பார்த்தேன்... கொதிக்கிற தண்ணி! நான் என்ன பண்ண?"

"பொய்!"

அக்காதான்.

"ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் கிணத்தைத் திறந்து விட்டிருந்தாங்க சார். ஆவி போட்ட விசில் ஊருக்கே கேட்டுச்சு. அதைத் திறந்தா இந்த ஊத்து வத்திடும். மூடினாதான் மறுபடி ஊறும். ஏழு மணிக்கு இங்க ஏது தண்ணி?"

மேனேஜர் சிரித்தான்.

"கிணறு ஒரு மைல் தள்ளி இருக்கு சார். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. எங்க ரிப்போர்ட்லயே இருக்கு!"

"ரிப்போர்ட் யார் எழுதினது?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான்!"

"அப்ப திறந்து பார்த்துடலாமா?"

"தாராளமா! ஒரு சொட்டு குறையாது!"

பாவி... தான் எழுதிய பொய்யைத் தானே நம்பியிருந்தான்!

பிணத்தை எடுத்தார்கள். பின்மண்டையில் ஆழமான காயம். இன்ஸ்பெக்டர் போனில் உத்தரவிட்டார். தூரத்தில் விசில் கிளம்பியது.

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

ஊற்று சரசரவென்று இறங்கியது. அடியில் வெறும் பாறை!

மேனேஜர் ஓடினான். ஏட்டு காலை நீட்டி இடறிவிட்டார்.

"ஊத்து வத்திடும்னு அவன் எழுதின ரிப்போர்ட் வெளிய போயிருந்தா, மின் நிலையத்துக்குக் கடன் தர்றவங்க கையை விரிச்சிருப்பாங்க சார்! அதான் ஸ்பேனரால..." மண்ணில் கிடந்தபடியே உளறினான்.

"கிணத்தை மூடச் சொல்லு!" இன்ஸ்பெக்டர் மீசையை நீவினார்.

மூடினார்கள்.

மதியமானது. மாலையானது. பாறை காய்ந்தே கிடந்தது.

மேனேஜரின் மேஜையைச் சோதித்த ஏட்டு ஒரு கவரோடு வந்தார்.

"செத்தவர் எழுதின ரிப்போர்ட் சார். கடைசி வரியைப் பாருங்க."

'இன்று காலை திறந்ததோடு உள்ளே அழுத்தம் தீர்ந்துவிட்டது. இனி ஒரே ஒரு முறை கிணற்றைத் திறந்தாலும் ஊற்று திரும்பாது.'

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கு... தெரியாதும்மா..."

அக்கா குளியல் கூடத்தைப் பூட்டினாள்.

"என் தம்பியைக் கொன்னவனைப் பிடிச்சுட்டீங்க. என் தம்பி காப்பாத்த நினைச்ச ஊத்தைக் கொன்னதுக்கு யார் மேல சார் கேஸ் எழுதுவீங்க? பேனா இல்லேன்னா சொல்லுங்க... நான் தர்றேன்!"